கல் சூப்பும் உப்பில்லாக் கஞ்சியும்

போர்த்துகல் நாட்டின் நடுப்பகுதியில் அல்மெய்ரிம் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளில் கல் சூப் என்ற பெயரில் ஒன்று கிடைக்கிறது. சிவப்பு பீன்ஸ், உருளைக்கிழங்கு, பன்றியின் காது, பூண்டும் சிவப்பு மிளகாய்த் தூளும் சேர்த்துக் குடலில் அடைத்துப் புகையேற்றிய சாசேஜ், கடைசியாக ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை. சில கடைகளில் கிண்ணத்துக்கடியில் நிஜமாகவே ஒரு கல்லையும் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு கதை காரணம். ஐரோப்பாவில் பல நாடுகளில் இந்தக் கதை உண்டு. போர்த்துகீசிய வடிவத்தை தியோஃபிலோ பிராகா 1883இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் பார்க்கலாம். பிச்சைக்குப் போன துறவி ஒருவர் ஒரு குடியானவன் வீட்டு வாசலில் நிற்கிறார். ஒன்றும் கிடையாது என்கிறார்கள். சரி, கல்லைப் போட்டு ஒரு சூப் வைத்துக்கொள்கிறேன் என்று தரையில் கிடந்த கல்லை எடுத்து மண் தட்டுகிறார். வேடிக்கை பார்க்க ஒரு சட்டி தருகிறார்கள். தண்ணீர், அடுப்பில் இடம். கொஞ்சம் கொழுப்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறார், வருகிறது. ஒரு சிட்டிகை உப்பு. பிறகு நாலு கோஸ் இலை. பிறகு ஒரு துண்டு சாசேஜ். எல்லாம் முடிந்து சட்டியை வழித்துத் தின்றபின், கல் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். கழுவி எடுத்துக்கொண்டு போகிறேன், அடுத்த தடவைக்கு ஆகும் என்கிறார்.

இதைத் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கல்லுக்கும் பிச்சைக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை என்பது மேலோட்டமான பொருத்தம். வேறொன்றும் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்த சூப்பைத் தேசிய உணவு என்று சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

போர்த்துகலில் வீட்டுக்கு வீடு செய்யும் சாசேஜ்-காய்கறி சூப்புகளில் பெயர் பெற்றது கால்தோ வெர்தே, அதாவது பச்சைச் சாறு. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்த கெட்டித் தண்ணீரில், புகையிலையைப் போல மெல்லியதாகச் சீவிய கோஸ் இலையைப் போட்டு, மேலே இரண்டு வில்லை சாசேஜ். இதில் கோஸ் ஒன்றுதான் ஐரோப்பாவின் பழைய பயிர். உருளைக்கிழங்கு ஆண்டஸ் மலைக்காரர்களுடையது. போர்த்துகீசியக் குடியானவன் அதைத் தன் தினசரி உணவாக ஏற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை வடக்கு மலைப்பகுதிகளில் சட்டியைக் கெட்டிப்படுத்தியது செஸ்ட்நட் என்ற மரக்கொட்டை. கல் சூப்பில் வரும் சிவப்பு பீன்ஸும் அமெரிக்கப் பயிர். அதற்குமுன் அவர்களிடம் இருந்தது நம்முடைய காராமணி. சாசேஜின் சிவப்புக்குக் காரணமான மிளகாய் கொலம்பஸுக்குப் பின் வந்தது. ஆகவே 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கடற்கரையில் இறங்கியபோது அவருடைய ஆட்கள் சாசேஜ் ஏதும் கொண்டுவந்திருந்தால் அது சிவப்பாக இருந்திருக்காது. நம்முடைய குழம்பும் அன்று சிவப்பில்லை. இரண்டு தரப்பும் மிளகைக் கொண்டே காரம் கண்டவர்கள். ஒருவன் அதை வாங்க வந்தான், மற்றவன் விற்றான். அடுத்த நூறு இருநூறு வருஷத்தில் இரண்டு பேருடைய சட்டியும் ஒரே செடியால் சிவந்தன. அந்தச் செடி இருவருக்கும் சொந்தமில்லை.

இது வரைக்கும் சுலபம். எல்லாம் கலப்பு, எதுவும் எவருடையதும் அல்ல என்று சிரித்துக்கொண்டு எழுந்துவிடலாம். ஆனால் கலந்த விதத்தைக் கவனிக்காமல் கலப்பைக் கொண்டாடுவது சோம்பேறித்தனம். அந்த சாசேஜுக்கு வேறொரு சரித்திரம் இருக்கிறது.

1496 டிசம்பரில் போர்த்துகல் மன்னன் மனுவேல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னான். 1497இல் வெளியேறவும் விடாமல் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தான். இப்படிப் 'புதுக் கிறிஸ்தவர்' ஆனவர்கள் உள்ளூரப் பழைய மதத்தை வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க 1536இல் விசாரணை மன்றம் ஏற்பட்டது. விசுவாசம் நெஞ்சுக்குள் இருக்கும் சமாசாரம், அதை எப்படிப் பார்ப்பது? அடுப்பைப் பார்த்தார்கள். பன்றிக்கறி தின்கிறானா, கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் சமைக்கிறானா, சனிக்கிழமைச் சாப்பாட்டை வெள்ளிக்கிழமையே ஆக்கி வைக்கிறானா. அண்டை வீட்டுக்காரர்களிடம் இந்தப் பட்டியல் படித்துக் காட்டப்பட்டது. தெரிந்தும் சொல்லாதவன் குற்றவாளி. புகைக்கூண்டில் சாசேஜ் தொங்காத வீடு சந்தேகத்துக்குரிய வீடு. வடகிழக்கு மலைப்பகுதியான த்ராஸ் ஓஸ் மோந்தேஸில் அல்யெய்ரா என்று ஒரு சாசேஜ் இருக்கிறது. பூண்டு, ரொட்டி, கோழியிறைச்சி இவற்றை அடைத்தது. பார்வைக்குப் பன்றி சாசேஜ் போலவே இருக்கும். வேலைக்காரியும் அடுத்த வீட்டுக்காரியும் பார்க்கும்படி தொங்கவிடுவதற்காகப் புதுக் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். இதற்கு ஆவணம் கேட்கும் சரித்திரக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். இப்படி ஒரு கதையைச் சொல்லும்படியான நிலைமை இருந்தது என்பதற்கு ஆவணம் நிறைய இருக்கிறது.

அந்த மன்றம் 1560இல் கோவாவுக்கு வந்தது. கோவாவில் அப்போது கார்சியா த ஓர்த்தா என்ற வைத்தியர் இருந்தார். இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் அவர் எழுதிய புஸ்தகம் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. மாம்பழம், பலா, மிளகு, ஏலம் எல்லாம் அதில் ஒரு வைத்தியரின் கண்ணோடும் நாக்கோடும் பதிவாகியிருக்கின்றன. கவிதை எழுதுகிறவர்களுக்காக ஒரு விஷயம்: போர்த்துகீசிய மொழியின் மகாகவி என்று சொல்லப்படும் கமோயின்ஷின் கவிதை முதன்முதலில் அச்சேறியது இந்தச் செடிகொடிப் புஸ்தகத்தின் முன்பக்கத்தில். தன் காவியத்தின் பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூரையும் தோமையாரையும் பாடப்போகிற ஆசாமி அப்போது கோவாவில் காசில்லாமல் அலைந்துகொண்டிருந்தார். ஓர்த்தா 1568இல் இறந்தார். அவரும் யூத வழியில் வந்த புதுக் கிறிஸ்தவர். மறு வருஷம், 1569இல், அவருடைய சகோதரி கதரீனாவை உயிரோடு எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்து அவற்றையும் எரித்தார்கள்.

மன்றத்தின் கவனம் யூத வழியினரோடு நிற்கவில்லை. உள்ளூரில் மதம் மாறியவர்கள் பழைய பழக்கத்தை விட்டுவிட்டார்களா என்பதும் அதன் கவலை. 1736இல் கோவா மன்றம் வெளியிட்ட தடையாணையில் வேட்டி கட்டுவது, வீட்டில் துளசி வளர்ப்பது ஆகியவற்றோடு, இந்துக்களைப் போல உப்புப் போடாமல் சோறு வடிப்பதும் தடைசெய்யப்பட்டது. உப்பில்லாத சோறு ஒரு குற்றம். அந்த மன்றம் 1812இல்தான் ஒழிந்தது. சோற்றில் உப்பிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாராவது வாயில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் குமட்டுகிறது.

திருவண்ணாமலைக்கு வருவோம். அல்புகெர்க் கோவாவைப் பிடித்தது 1510இல். அதற்கு முந்தின வருஷம் விஜயநகரத்தில் சிம்மாசனம் ஏறியவர் கிருஷ்ணதேவராயர். ஹோர்முஸ் வழியாக வரும் குதிரைகள் அவருக்கு வேண்டும். குதிரைகள் இறங்கும் துறைகள் போர்த்துகீசியர் கையில். இந்தக் குதிரை வியாபாரம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1516-17ஐ ஒட்டி, அண்ணாமலையார் கோயிலில் பதினோரு நிலை ராஜகோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் திருக்குளத்தையும் அவர் தொடங்கினார். கல்வெட்டு இருக்கிறது. கோபுரம் பின்னால் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிந்தது. 217 அடி உயரத்தை அண்ணாந்து பார்க்கிற பக்தர்களில் யாருக்கும் கோவாத் துறைமுகம் ஞாபகம் வராது, வர வேண்டியதுமில்லை. ஆனால் அந்த உயரத்துக்குப் பின்னாலிருந்த படையும் பணமும் அரபுக் குதிரைமேல் வந்தவை.

அந்த ராஜ்யத்தின் தலைநகரைப் பார்த்து எழுதிய இரண்டு போர்த்துகீசியரின் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. 1520ஐ ஒட்டி வந்த தோமிங்கோ பாயஸ், கசாப்புத் தெருக்களில் கண்ட பன்றிகளின் வெள்ளையையும் சுத்தத்தையும் மெச்சுகிறார். 1535ஐ ஒட்டி எழுதிய நூனிஸ், விஜயநகர ராஜாக்கள் மாட்டிறைச்சி நீங்கலாகப் பன்றி, மான், பறவை எல்லாம் சாப்பிட்டதாகச் சொல்கிறார். நம்முடைய கோபுரத்தைத் தொடங்கிய வம்சத்தின் இலையில் பன்றிக்கறி இருந்தது. இதை அதிர்ச்சி மதிப்புக்காகச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தின் மிகப் பழைய இலக்கியமும் அதையேதான் சொல்கிறது.

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம். செங்கண்மா என்று பழைய பெயர். அங்கே ஆண்ட நன்னனைப் பற்றியது பத்துப்பாட்டில் கடைசியான மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனுடைய நவிர மலை என்பது இன்றைய பர்வதமலை என்பார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், பரிசிலுக்குப் போகும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிற பாட்டு இது. வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது அதில் பெரும்பகுதி. கடமான் இறைச்சி, முள்ளம்பன்றியின் கொழுப்புத் துண்டு, தேனில் விளைந்த கள். ஓரிடத்தில், மார்பில் காயம் பட்டுச் செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றியை வழியில் கண்டால் என்ன செய்வது என்று சொல்கிறான். மூங்கில் உரசிப் பற்றிய காட்டுத்தீ இருக்கும். அதில் மயிரைப் பொசுக்கி, புகை நாற்றம் ஏறாமல் பக்குவமாக வாட்டித் தின்னச் சொல்கிறான். சமையற்குறிப்பு என்றால் இது சமையற்குறிப்பு. போர்த்துகீசியன் அதே இறைச்சியில் புகையை வேண்டுமென்றே ஏற்றுகிறான், நம் கூத்தன் புகையை விலக்குகிறான். ருசியில் இருக்கும் நிஜமான வித்தியாசம் இதுதான். பன்றியைத் தின்னலாமா கூடாதா என்ற கேள்வி கூத்தனுக்கு எழவே இல்லை.

அண்ணாமலையின் ஸ்தல புராணத்தில் அடியைத் தேடிப் பூமியைக் குடைந்து போன திருமாலும் பன்றி உருவம் எடுத்தவர்தானே. அந்தப் பன்றி தோற்றேன் என்று ஒப்புக்கொண்டது. முடியைக் கண்டேன் என்று பொய் சொன்னது அன்னம். புராணத்திலாவது பன்றிக்கு மரியாதை இருக்கிறது. ஊருக்குள் அது பிற்பாடு ஒரு ஜாதியின் சாப்பாடாகவும், அந்த ஜாதியை வசைபாடும் சொல்லாகவும் ஆனது.

பறங்கியன் கொண்டுவந்த பயிர்களுக்கும் இந்த ஊர் அடுப்புக்கும் நடந்த பேரம் சுவாரஸ்யமானது. பெயர்களைப் பார்த்தாலே போதும். மிளகு தெரியும், அதைப்போல் உறைக்கிற ஒரு காய், ஆகவே மிளகாய். பெயர் வைத்ததோடு அது அந்நியமென்ற எண்ணம் போய்விட்டது. தக்காளி என்பது முதலில் நம்முடைய மணத்தக்காளி இனத்துச் சிறு காய்களின் பெயர். புதிதாக வந்தது சீமைத்தக்காளி. இன்று சீமை உதிர்ந்து, வந்தவன் பெயரை எடுத்துக்கொண்டு உள்ளூரானுக்கு மணம் என்ற அடைமொழியைக் கொடுத்துவிட்டான். ஈழத் தமிழர் முட்டைக்கோஸைக் கோவா என்கிறார்கள். கால்தோ வெர்தேயில் போடுகிற இலைக்குப் போர்த்துகீசியத்தில் கோவ் என்று பெயர், அதுதான் இது. அங்கே பறங்கியர் சமூகத்தின் சாசேஜுக்கு லிங்குஸ் என்ற பெயர் லிங்குயிஸா என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் தேய்வு. தென்னமெரிக்கப் பயிர், பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைத் தாங்கிக்கொண்டு, இந்தச் செம்மண் மானாவாரிக் காட்டில் ஊன்றி நிற்கிறது. அதை உரிக்கிற பெண்களிடம் மணிலா எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கை பறங்கிக்காய். பெயரிலேயே பறங்கி நிற்கிறான், எந்த ஒளிவுமறைவும் கிடையாது. அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் கொடி. பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கிற இலையில் அது இல்லாமல் கூட்டு இல்லை. அதே வீடுகளில் சிராத்தத்தன்று மிளகாய் ஏறாது, மிளகுதான். உருளைக்கிழங்கு, கோஸ், தக்காளி முதலான 'இங்கிலீஷ் காய்கறி' ஏறாது. பழைய கோயில் கல்வெட்டுகள் அமுதுபடிக்கு வகுத்த பட்டியல்களிலும் அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு வரும், மிளகாய் வராது. மடப்பள்ளிகளின் மிளகுப் பொங்கலும் புளியோதரையும் அந்தப் பட்டியலின் தொடர்ச்சி. இதைச் சனாதனப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்துப்போனவர்களுக்கு அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் படைக்க முடியும். பிதுர்களுக்கு மிளகாய் தெரியாது. கப்பல் வருவதற்கு முந்திய நாக்கு எப்படி இருந்தது என்பதற்கு வருஷத்தில் ஒரு நாள் திறக்கும் ஆவணக் காப்பகம் அந்த இலை. ஆனால் அதே வீட்டுக்காரர் மறுநாள் அடுத்தவன் தட்டை எட்டிப் பார்த்து, இது நம் பாரம்பரியமா என்று கேட்கும்போது அவருக்கு அந்த உரிமை இல்லாமல் போகிறது. 1960களில் புதுக்கவிதையை மேல்நாட்டுச் சரக்கு என்று எழுதிய பண்டிதர்களும் காலையில் மிளகாய்ச் சட்னியோடு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சூப் போயிருக்கிறது. 1767 செப்டம்பரில் செங்கத்துக் கணவாயில் ஹைதர் அலியோடு மோதிய கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படை, தானியம் தேடித் திருவண்ணாமலைக்கு வந்தது. அந்த மாதக் கடைசியில் இந்த ஊருக்கருகே இன்னொரு சண்டை. அதற்குச் சில வருஷம் பின்னால், ஹைதரிடம் கைதியாயிருந்த ஆங்கிலேயன் ஒருவன் கட்டிய பாட்டில் மிளகுத்தண்ணீரோ கஞ்சியோ குடித்து நாளைக் கழிக்கும் துக்கம் வருகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் காணக்கிடைக்கும் முதல் இடமாக 1784ஐச் சேர்ந்த அந்தப் பாட்டைத்தான் ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சன் காட்டுகிறது. சிறைச்சோறாகப் போன ரசம், வெள்ளைக்காரன் வீட்டு மேஜையில் கோழி எலும்பும் கிரீமும் சேர்ந்து முலிகடானி ஆயிற்று. நமக்கு அது ரசமில்லை என்று தெரியும். அல்மெய்ரிம்காரனுக்கும் நாம் செய்யப்போவது அவனுடைய சூப்பில்லை என்று தெரிந்திருக்கும்.

செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். சாசேஜ்தான் முக்கியம். கோவாவிலிருந்து யாராவது ஷோரீஸ் கொண்டுவந்தால் அதற்கு ஈடில்லை. தென்னங்கள் காடி, பூண்டு, மிளகாய் இவற்றில் ஊறிய பன்றித் துண்டுகளைக் குடலில் அடைத்து, உத்திராட்ச மாலைபோல் கட்டுக்கட்டாகக் கட்டி, வெயிலில் காயவைத்துப் புகையேற்றியது. மழைக்காலத்துக்கென்று கோவாக்காரர்கள் கோடையிலேயே சேமிப்பது. பெரிய கடைகளில் குளிர்ப்பெட்டியில் இருக்கும் வெளிறிய சாசேஜில் புகையுமில்லை, காடியுமில்லை; அதை நம்ப வேண்டாம். எனக்குச் சரியென்று பட்டது நம்முடைய உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பூசி, நூலில் கோத்து மொட்டைமாடியில் காயப்போடுகிற அதேதான். திருவண்ணாமலை வெயிலுக்கு நாலு நாள் போதும். அரைக்கும்போது இரண்டு கரண்டி காடி சேர்த்துக்கொண்டால் கோவாவுக்குப் பாதி வழி வந்தாயிற்று. கோழியில் செய்தாலும் குறைச்சலில்லை. அல்யெய்ராவின் வம்சாவளி அதற்கு உண்டு.

நாலு பேருக்கு இருநூறு கிராம் சாசேஜோ உப்புக்கண்டமோ, அரைக்கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, முதல் நாள் ஊறவைத்த ஒரு பிடி ராஜ்மா அல்லது காராமணி. பயறைத் தனியாக நன்றாக வேகவைத்துக்கொள்ள வேண்டும். ராஜ்மாவை அரைவேக்காட்டில் தின்றால் வயிறு கெடும். அடிகனமான சட்டியில் சாசேஜைச் சின்ன வில்லைகளாகப் போட்டு மிதமான தீயில் வைத்தால் சிவப்பாக எண்ணெய் பிரியும். வேறு எண்ணெய் தேவையில்லை. (உப்புக்கண்டம் என்றால் ஒரு கரண்டி நல்லெண்ணெய் வேண்டும்.) அதை எடுத்து வைத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே வெங்காயம், பூண்டு. பிறகு உருளைக்கிழங்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். வெந்ததும் பாதியை மத்தால் மசித்துவிட வேண்டும். சூப்பின் உடம்பு அதில்தான் இருக்கிறது. மாவு கரைத்து ஊற்றுவது ஹோட்டல்காரன் வேலை. பயறையும் சாசேஜையும் சேர்த்துக் கால்மணி நேரம் கொதிக்கட்டும். கோஸின் வெளிப்பச்சை இலை, கடைக்காரன் பிய்த்துப் போடுகிறானே அதையே கேட்டு வாங்கி, சுருட்டி, முடிந்தவரை மெல்லியதாகச் சீவிக் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட வேண்டும். முருங்கைக்கீரையும் போடலாம், கொஞ்சம் கசப்பு வரும், எனக்குப் பிடிக்கிறது. இறக்கிக் கொத்தமல்லி.

பூண்டும் புகையும் காடியும் சேர்ந்த வாசனை குசினி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும். குசினி, ஜன்னல் இரண்டும் போர்த்துகீசியச் சொற்கள் என்பது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. வாசனை தெரியும். தமிழ்நாட்டில் வீடு வாடகைக்குத் தேடியிருக்கிற எவருக்கும், 'சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்' என்று பலகையில் எழுதியும், எழுதாமல் ஜாதியைச் சுற்றிவளைத்தும் கேட்கிற கேள்வி பழக்கமானது. கோயிலையும் ஆசிரமத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் அதற்குப் புண்ணிய க்ஷேத்திரம் என்ற காரணமும் சேர்ந்துகொள்ளும். பதினாறாம் நூற்றாண்டு லிஸ்பனில் சாசேஜ் வாசனை வராத வீட்டின்மேல் சந்தேகம், இங்கே வருகிற வீட்டின்மேல் சந்தேகம். எரிப்பதில்லை, காலிசெய்யச் சொல்வதோடு சரி. மூக்கு ஒன்றுதான்.

ஆரம்பத்தில் சொன்ன பொருத்தம் இது. 1899 முதல் 1916 வரை ரமணர் மலைமேல் விரூபாக்ஷ குகையில் இருந்தார். ஊருக்குள்ளிருந்து வருகிற பிச்சைதான் சாப்பாடு. கிடைத்ததை ஒன்றாகக் கலந்து, போதாவிட்டால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பார்கள். உப்பு இருக்காது. அந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் அவர் சொன்னது, சூரி நாகம்மா தெலுங்கில் தன் அண்ணாவுக்கு எழுதிய கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. உப்பு வேண்டுமென்றால் யாரையாவது கேட்க வேண்டும். உப்பைக் கேட்டால் அடுத்து பருப்பு வேண்டியிருக்கும், பருப்பு வந்தால் பாயசம். ஆகவே கேட்கவில்லை.

போர்த்துகீசியத் துறவியும் இதே படிகளில்தான் ஏறுகிறார். கொழுப்பு, உப்பு, கோஸ், சாசேஜ். ஒருவர் ஏறிக்கொண்டே போகிறார், மற்றவர் முதல் படியிலேயே காலை வைக்கவில்லை. இரண்டு பேருமே ஆசை எப்படி வேலை செய்கிறது என்பதை நன்றாகத் தெரிந்தவர்கள். யாருக்கு ஞானம் அதிகம் என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. குகையில் உப்பில்லாமல் கஞ்சி குடித்தது குடித்தவருடைய தீர்மானம். அதே உப்பில்லாத சோற்றை 1736இல் கோவாவில் வடித்த ஒரு பெண் மன்றத்துக்கு முன்னால் நிற்கவேண்டியிருந்திருக்கும். சோறு ஒன்று, உப்பின்மை ஒன்று. பின்னாளில் ரமணர் ஆசிரமச் சமையற்கட்டில் விடிவதற்குமுன் உட்கார்ந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், எல்லாரும் தூக்கியெறிகிற காம்பையும் தோலையும் வீணாக்காமல் சமைக்கச் செய்தார். அந்தச் சமையலில் உப்பும் இருந்தது, மிளகாயும் இருந்தது.

சூப்பில் உப்பு எப்போது போடுவது என்று சொல்லவில்லை. சாசேஜிலும் உப்புக்கண்டத்திலும் ஏற்கெனவே நிறைய உப்பு இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது தண்ணீரில் இறங்கும். அடுப்பை அணைத்தபின் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் போட்டால் போதும்.